டிகிரி ரூல்ஸ்ல விலக்கு கேக்கறதுல இருந்து ரெண்டாவது டிகிரி வரைக்கும்: நம்ம தோட்டப்புறத்துப் பிள்ளைங்களுக்கு முழு வழிகாட்டி

நான் ஒரு யூனிவர்சிட்டி அகாடமிக் ஆபீஸ்ல கிராணி வேலை பாக்கறேன். வீடு பெஸ்தாரி ஜெயாவுல, பெருசுங்க இன்னைக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய்னுதான் சொல்லுவாங்க. 1917-ல மலேசிய நாட்டுலயே முதன்முதலா வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்ட தென்னமரம் எஸ்டேட் இங்கதான் இருக்கு. அங்க வேலை செஞ்சவங்களோட பேரப்பிள்ளைங்க இப்ப இஞ்சினியரிங், அக்கவுண்டிங், நர்சிங்னு படிக்குதுங்க, ஆனா வீட்டுல முதல் டிகிரியே அவங்கதான்கறதால ஒரு பேப்பர் விட்டுப்போனா யாரைக் கேக்கணும், எப்படிக் கேக்கணும்னு சொல்லித்தர வீட்டுல ஆளு இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா யாராவது ஒரு பிள்ளை ஃபைலைத் தூக்கிக்கிட்டு "அக்கா, கிராஜுவேட் ஆக முடியாதாம்"னு வந்து நிக்கும். அதுங்க கிட்ட வாயால சொல்றதை எல்லாம் இங்க ஒண்ணா எழுதிடறேன்.

முதல்ல ஆபீஸ் உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்குங்க, அது தெரிஞ்சா மத்தது எல்லாம் தானா புரியும். நீங்க உருகி உருகி எழுதற ரெண்டு பக்க லெட்டரைக் கமிட்டியில உக்காந்திருக்கற புரொஃபசருங்க பெரும்பாலும் முழுசாப் படிக்கறது இல்ல. என்னை மாதிரி ஒரு கிராணியோ அதிகாரியோ அதைப் படிச்சுட்டு ஒரு கெர்தாஸ் கெர்ஜா, அதாவது கூட்டத்துக்கான குறிப்புத் தாள், டைப் பண்ணுவோம்: நோக்கம், பின்னணி, எந்த ரூல், மாணவர் என்ன கேக்கறார், ஃபேகல்ட்டி கருத்து, சிபாரிசு. உங்க லெட்டர் பின்னாடி லாம்பிரானா, அதாவது இணைப்பா, ஒட்டிக்கிட்டு போகும், அவ்வளவுதான். ஒரே மத்தியானத்துல நிறைய கேஸ் ஓடும். அதனால உங்க லெட்டர்ல இருக்கற வரியை அப்படியே தூக்கி கெர்தாஸ் கெர்ஜாவுல போட முடியுற மாதிரி எழுதினா பாதி வேலை முடிஞ்சுது. எந்தத் தேதி, எந்தப் பேப்பர், எத்தனை கிரெடிட்னு நாங்க தேடிக் கண்டுபிடிக்கற மாதிரி இருந்தா "மேலதிக விவரம் தேவை"ன்னு திரும்பி வரும், ஒரு கூட்டம் போயிடும், அதோட ஒரு செமஸ்டரும் போயிடும்.

படி 1: இது யாரோட ரூல்?

லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி இதைக் கண்டுபிடிங்க. ரூல் போட்டவங்கதான் விலக்கு குடுக்க முடியும், டீன் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் தனக்கு மேல இருக்கறவங்க ரூலை அவரால தொட முடியாது.

அரசாங்கத்தோட ரூல் மேல இருக்கு. எம்பியூ பேப்பருங்க, அதாவது 2013-ல இருந்து வந்த பொதுப் பாடங்க, இந்த வகை. தனியார் யூனின்னா 1996-ஆம் வருஷத்து தனியார் உயர்கல்விச் சட்டமே சில பாடங்களைக் கட்டாயம்னு சொல்லுது. எஸ்பிஎம்-ல (அஞ்சாம் படிவப் பரீட்சை) பஹாசா மெலாயு பாடத்துல கிரெடிட் தேர்ச்சி இல்லாத உள்ளூர் மாணவர் தனியார்ல படிச்சா பஹாசா கெபாங்சாஆன் ஏ எடுத்தே ஆகணும். "எனக்கு வேணாம், விட்டுடுங்க"ன்னு கேக்கறது வீண். ஆனா வேற காலேஜ்ல அதே நிலையில அந்தப் பாடத்தை ஏற்கனவே பாஸ் பண்ணியிருந்தா அதை மாத்திக் குடுங்கன்னு கேக்கலாம், அது வேற கதை, கீழ வரும். படிப்பை நிறுத்தி வெச்சுட்டு திரும்பி வந்தவங்களுக்கு இங்க ஒரு சிக்கல் உண்டு: பழைய தித்தாஸ், ஹுபுங்கான் எத்னிக் பேப்பருங்க 2019-ஐ ஒட்டி மாறி, பெங்ஹாயாத்தான் எத்திகா டான் பெராடாபான், ஃபால்சாஃபா டான் இசு செமாசான்னு ஆயிடுச்சு. ஒண்ணைப் பழசுல முடிச்சுட்டு இன்னொண்ணு பாக்கி வெச்சவங்க, எதுக்கு எது ஈடுன்னு ஃபேகல்ட்டி கிட்ட எழுத்துல வாங்கிக்குங்க. வாய் வார்த்தையை நம்பி ரிஜிஸ்டர் பண்ணாதீங்க.

அடுத்தது தொழில் வாரியங்களோட ரூல். இஞ்சினியரிங் படிக்கறவங்களுக்கு இஏசி, அதாவது இஞ்சினியரிங் படிப்புக்கு அங்கீகாரம் குடுக்கற மன்றம், குறைஞ்சது 8 வாரம் லத்திஹான் இண்டஸ்ட்ரி (கம்பெனியில பயிற்சி) கேக்குது. 2009-ல மலேசியா வாஷிங்டன் அக்கோர்டுங்கற அனைத்துலக இஞ்சினியரிங் டிகிரி ஒப்பந்தத்துல முழு உறுப்பினர் ஆனதால நம்ம டிகிரியை வெளிநாட்டுலயும் மதிக்கறாங்க, அந்த மதிப்பைக் காப்பாத்தணும்னா ஃபேகல்ட்டி இந்த மாதிரி விஷயத்துல இறங்கி வரவே மாட்டாங்க. நர்சிங்ல கிளினிக்கல் நேரம், டீச்சிங்ல பிராக்டிக்கம் எல்லாம் இதே கணக்குதான். இங்க சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டார். எங்க செய்யறது, எப்ப செய்யறதுங்கறதுல வேணா இடம் கேக்கலாம், உதாரணமா வீட்டுப் பக்கம் இருக்கற கம்பெனியில பண்ணிக்கறேன், அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிக்கறேன்னு.

மூணாவது எம்கியூஏ, நாட்டோட கல்வித் தர அங்கீகார அமைப்பு. பிள்ளைங்க இங்கதான் அதிகமா சறுக்குதுங்க. இளங்கலை டிகிரிக்கு குறைஞ்சது 120 கிரெடிட் வேணும், ஒரு கிரெடிட்னா 40 மணி நேரப் படிப்புன்னு கணக்கு. உங்க புரோகிராம் சரியா 120 கிரெடிட்டா இருந்து நீங்க ஒரு 3 கிரெடிட் பேப்பருக்கு விலக்கு குடுங்கன்னு கேட்டா, குடுத்த உடனே நீங்க 117-ல நிப்பீங்க, டிகிரியே செல்லாது. அதனால "எடுத்துடுங்க"ன்னு கேக்காம "இதுக்குப் பதிலா இதை ஏத்துக்குங்க"ன்னு கேக்கணும்.

அப்புறம் செனட், அதாவது யூனியோட உச்ச கல்வி மன்றம், அதோட ரூல்: மினிமம் சிஜிபிஏ (மொத்த கிரேடு சராசரி), அதிகபட்சப் படிப்புக் காலம், எத்தனை கிரெடிட் அந்த யூனியிலயே எடுத்திருக்கணும்கறது. இதுக்கு விலக்கு கிடைக்கும், ஆனா கனமான காரணமும் காகிதமும் வேணும். கடைசியா ஃபேகல்ட்டி ரூல்: பிரிரெக்விசிட் (முன்னாடியே முடிக்க வேண்டிய பேப்பர்), எலெக்டிவ் லிஸ்ட், எந்தப் பேப்பர் எந்த செமஸ்டர்ல. ஜெயிக்கறது எல்லாம் பெரும்பாலும் இங்கதான், அதனால உங்க பிரச்சனையை இந்தத் தட்டுக்குக் கொண்டு வர முடியுமான்னு பாருங்க.

படி 2: உங்க வருஷத்து புக்கு பண்டுவானை (கையேடு) எடுங்க

உங்களுக்குப் பொருந்தறது நீங்க சேர்ந்த வருஷத்து ஸ்ட்ரக்டர், இப்ப வெப்சைட்ல இருக்கறது இல்ல. ஜூனியர் பிள்ளை காட்டின லிஸ்டைப் பாத்து பதறி வர்ற கேஸு எத்தனையோ, பாவம், அதுங்களுக்கு அந்தப் பேப்பரே கிடையாது. கையேடு தொலைஞ்சு போச்சுன்னா ஆபீஸ்ல கேளுங்க, பழசு எங்க கிட்ட இருக்கும். அதை வெச்சுக்கிட்டு டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்துல போட்டு ஒவ்வொரு பேப்பரா டிக் அடிங்க. கோர், எலெக்டிவ், எம்பியூ, கோ-குரிகுலம், மூயட் (இங்கிலீஷ் பரீட்சை) பேண்டு, எல்லாம். மூயட்டையும் கோ-குரிகுலத்தையும் மறந்துட்டு கடைசி செமஸ்டர்ல முழிக்கறது நம்ம பிள்ளைங்க மட்டும் இல்ல, எல்லாரும்தான்.

இதைக் கடைசி செமஸ்டர்ல செய்யாதீங்க, ரெண்டு செமஸ்டர் பாக்கி இருக்கும்போதே செய்யுங்க. அப்ப ஓட்டை தெரிஞ்சா லெட்டரே தேவைப்படாது, பேப்பரை எடுத்துட்டுப் போயிடலாம். பெட்டிஷன்கறது வேற வழி இல்லாதப்பத்தான்.

படி 3: என்ன கேக்கறீங்கன்னு சரியாப் பேரு வையுங்க

"ரயுவான்"னு (முறையீடு) தலைப்பு போட்டு எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டினா எந்தக் கமிட்டிக்கு அனுப்பறதுன்னு எங்களுக்கே தெரியாது. ஒவ்வொண்ணுக்கும் ஃபாரம் வேற, ஆளு வேற.

ஒரு பேப்பருக்குப் பதிலா இன்னொரு பேப்பர்னா அது கந்தியான் குர்சுஸ். வேற இடத்துல, வேற புரோகிராம்ல பாஸ் பண்ணினதைக் கொண்டு வர்றது பிண்டா கிரெடிட். இதுல பொதுவா பாடத்துல 80 விழுக்காடு ஒத்துப்போகணும், கிரேடு சி-க்கு குறையக்கூடாது, கிரெடிட் எண்ணிக்கையும் சமமாவோ கூடவோ இருக்கணும்னு எதிர்பார்ப்பாங்க. பொலிடெக்னிக் டிப்ளோமா முடிச்சுட்டு டிகிரிக்கு வர்றவங்களுக்கு மேல்நோக்கி மாத்தறதுல 30 விழுக்காடுன்னு உச்சவரம்பு பேசுவாங்க, 120-ல 36 கிரெடிட், அதுக்கு மேல கனவு காண வேணாம். வேலை அனுபவத்தை வெச்சு கிரெடிட் கேக்கறது ஏப்பல் சி, அதுக்கு போர்ட்ஃபோலியோ இல்லன்னா சேலஞ்ச் டெஸ்ட் உண்டு. தோட்டத்து ஆபீஸ்ல பல வருஷம் சம்பளக் கணக்கு போட்ட ஒருத்தர் டிகிரி சேந்தா இதைக் கட்டாயம் கேட்டுப் பாக்கணும், பல பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

பிரிரெக்விசிட் முடிக்காம அடுத்த பேப்பரை எடுக்க அனுமதி, ரெண்டையும் ஒண்ணா எடுக்க அனுமதி, கிரெடிட் வரம்புக்கு மேல எடுக்க அனுமதி, இதெல்லாம் சின்ன விஷயம், புரோகிராம் ஹெட் லெவல்லயே முடியும். படிப்புக் காலத்தை நீட்டிக்கறதும் நீக்கப்பட்ட பிறகு திரும்பச் சேர்றதும் பெரிய விஷயம், அது மேல வரைக்கும் போகும், அதுக்குத்தான் மருத்துவ ரிப்போர்ட், சிஜில் மாத்தி (இறப்புச் சான்றிதழ்), போலீஸ் ரிப்போர்ட்னு கனமான காகிதம் வேணும்.

படி 4: காகிதம் சேக்கறது

அப்பா தவறிட்டார்னா சிஜில் மாத்தி. உடம்பு சரியில்லன்னா அந்தத் தேதிங்களுக்கு எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு), கூடவே கிளினிக் கெசிஹாத்தான்லயோ (அரசாங்க கிளினிக்) ஹாஸ்பிட்டல்லயோ ஒரு டாக்டர் ரிப்போர்ட். ஒரு நாள் எம்சியை வெச்சு ஒரு செமஸ்டரை விளக்க முடியாது. காகிதத்துல இருக்கற தேதியும் நீங்க விட்டுட்ட பரீட்சை தேதியும் ஒத்துப்போகணும், கமிட்டி முதல்ல பாக்கறது அதைத்தான். குடும்பத்துல சண்டை, அம்மாவைப் பாத்துக்கணும், வேலைக்குப் போக வேண்டி வந்துச்சுன்னு காகிதமே இல்லாத காரணமா இருந்தா பெசுருஹ்ஜாயா சும்பா (சத்தியப்பிரமாண ஆணையர்) கிட்ட போய் சூராட் அக்குவான் (உறுதிமொழிப் பத்திரம்) பண்ணிக்குங்க, சம்பளச் சீட்டு, கேடபுள்யூஎஸ்பி (தொழிலாளர் சேமநிதி) ஸ்டேட்மெண்ட் மாதிரி எதையாவது கூட வையுங்க.

நகலுக்கு முத்திரை வாங்க கோலாலம்பூர் வரைக்கும் ஓட வேணாம். நம்ம தமிழ்ப்பள்ளி தலைமையாசிரியரே சாஹ்கான் பண்ணி, அதாவது சான்றொப்பம் போட்டு, குடுக்கலாம், ஒரிஜினலைக் கையோட கொண்டு போங்க, ஒரிஜினல் பாக்காம நல்ல தலைமையாசிரியர் கையெழுத்து போட மாட்டார்.

பேப்பர் ஒப்பீடுன்னா சிலபஸ் வேணும், அதுவும் நீங்க படிச்ச வருஷத்து சிலபஸ். ஒரு பக்க சுருக்கம் பத்தாது, வாரா வாரம் என்ன நடத்தினாங்க, எந்தப் புத்தகம், எத்தனை மார்க் எதுக்குன்னு இருக்கற முழுசு. பழைய காலேஜ்ல இதை வாங்கறதுதான் இந்த முழு வேலையிலயும் ரொம்ப லேட் ஆகற இடம், அதனால முதல் நாளே ஈமெயில் போட்டுடுங்க.

யாரோ யாங் பெர்ஹோர்மாட் (மாண்புமிகு) கிட்ட, டத்தோ கிட்ட சிபாரிசுக் கடிதம் வாங்கி வைக்கற பழக்கம் நம்ம ஆளுங்க கிட்ட இருக்கு. வேணாம்பா. கல்வி விஷயத்துல அது எரிச்சலைத்தான் கிளப்பும். அந்த நேரத்துல உங்க பெனாசிஹாத் அகாடமிக் (கல்வி ஆலோசகர்) கிட்ட நாலு வரி வாங்குங்க, அதுக்கு நூறு மடங்கு மதிப்பு.

படி 5: லெட்டர்

பஹாசாவுலயோ இங்கிலீஷ்லயோ எழுதுங்க, உங்க யூனி எதைப் பயன்படுத்துதோ அது. ஒரு பக்கம் போதும். ஒரு உதாரணம் காட்டறேன், விவரங்க கற்பனைதான், ஆனா இந்த வடிவம் ஓடும். ஒரு தங்கச்சி சயின்ஸ் புரோகிராம்ல ஒரு வருஷம் படிச்சுட்டு அதே யூனியில அக்கவுண்டிங் மாறிட்டா. அக்கவுண்டிங்ல "பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ்" 3 கிரெடிட் கட்டாயம். அவ சயின்ஸ்ல "ஸ்டாடிஸ்டிக்ஸ் 1" 4 கிரெடிட் பி பிளஸ்ல பாஸ் பண்ணியிருக்கா. லெட்டரோட சாரம் இப்படி வரணும்:

"தலைப்பு: பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பருக்குப் பதிலாக ஸ்டாடிஸ்டிக்ஸ் 1 பேப்பரை ஏற்றுக்கொள்ள விண்ணப்பம். பெயர், மெட்ரிக் எண், புரோகிராம், சேர்ந்த செமஸ்டர், இதுவரை முடித்த கிரெடிட், சிஜிபிஏ. நான் கேட்பது: மேலே சொன்ன மாற்று. காரணம்: இரண்டு பேப்பரின் 14 வாரப் பாடத்தில் 12 வாரம் ஒன்றே, ஒப்பீட்டு அட்டவணை லாம்பிரான் 1. ஒத்துப்போகாத இரண்டு வாரம் இண்டெக்ஸ் நம்பரும் டைம் சீரிஸும். டைம் சீரிஸ் நான் இந்த செமஸ்டர் எடுக்கும் எக்கனோமெட்ரிக்ஸ் பேப்பரில் வருகிறது, லாம்பிரான் 2. மொத்த கிரெடிட் குறையாது. இந்த மாற்று கிடைத்தால் வரும் செமஸ்டரோடு படிப்பு முடியும், கிடைக்காவிட்டால் இந்த ஒரு பேப்பருக்காக மட்டும் ஒரு செமஸ்டர் கூடும்."

பாத்தீங்களா, 14-ல 12, அதாவது 85 விழுக்காட்டுக்கு மேல, கமிட்டி பாக்கற 80-ஐத் தாண்டியாச்சு. ஒத்துப்போகாத ரெண்டு வாரத்தை அவளே எடுத்துச் சொல்லிட்டா. இதை மறைச்சா ஸ்டாடிஸ்டிக்ஸ் நடத்தற லெக்சரர் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிப்பார், கண்டுபிடிச்சா மத்த 12 வாரத்து மேலயும் சந்தேகம் வரும். அந்த ரூல் எதுக்காக இருக்கு? அக்கவுண்டண்ட் ஆகப்போற பிள்ளைக்கு டேட்டாவைப் படிக்கத் தெரியணும்னு. அது இவளுக்கு ஏற்கனவே தெரியும்னு காட்டிட்டா, விலக்கு குடுக்கறதுல கமிட்டிக்கு எந்தப் பயமும் இல்ல. எந்தப் பெட்டிஷனையும் இந்தக் கோணத்துல எழுதுங்க: ரூல் எதைக் கேக்குதோ அது என் கிட்ட வேற வழியில வந்து சேந்துடுச்சு.

அட்டவணைய ரெண்டு பத்தியாப் போடுங்க, இடது பக்கம் கேக்கற பேப்பரோட வாரம் 1, வலது பக்கம் உங்க பேப்பர்ல அது எந்த வாரம், எந்த அத்தியாயம். இந்த ஒரு தாளை ஒழுங்கா செஞ்ச பிள்ளையோட ஃபைலைப் பாத்தா எங்களுக்கே சந்தோஷமா இருக்கும், அப்படியே எடுத்து ஒட்டிடுவோம்.

எழுதக்கூடாதது: லெக்சரரைக் குத்தம் சொல்றது. "மத்தவங்களுக்குக் குடுத்தீங்களே"ன்னு பேரோட எழுதறது. "நான் ஏழைத் தோட்டத் தொழிலாளி மகன், கருணை காட்டுங்க"ன்னு மட்டும் எழுதி நிறுத்தறது. வீட்டு நிலைமையைச் சொல்லலாம், சொல்லவும் வேணும், ஆனா அது ஒரு பரீட்சையை ஏன் எழுத முடியல, ஏன் வேலைக்குப் போனோம்கறதுக்கு விளக்கமா இருக்கணும். கமிட்டியில இருக்கறவங்களுக்கும் மனசு இருக்கு, ஆனா நிமிட் மெஷுவாராத்துல (கூட்டக் குறிப்பு) "பாவமா இருந்துச்சு"ன்னு அவங்களால எழுத முடியாது, எழுத முடியுற காரணத்தை நீங்கதான் கையில குடுக்கணும்.

படி 6: குடுக்கறதும் காத்திருக்கறதும்

வழக்கமான பாதை பெனாசிஹாத் அகாடமிக், புரோகிராம் ஹெட், திம்பாலான் டெக்கான் அகாடமிக் (கல்விக்கான துணை டீன்), ஃபேகல்ட்டி கமிட்டி, பெரிய விஷயம்னா செனட். நேரா வைஸ் சான்சலருக்கு ஈமெயில் போட்டா அது உருண்டு உருண்டு திரும்ப என் மேசைக்கேதான் வரும், நடுவுல ரெண்டு வாரம் வீணாப் போயிருக்கும். ஆபீஸ்ல வந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "புவான், அடுத்த கூட்டத்துக்கு பேப்பர் குடுக்க கடைசித் தேதி எப்ப?" கூட்டம் நடக்கற தேதி முக்கியம் இல்ல, பேப்பர் மூடற தேதிதான் முக்கியம், அது கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடியே மூடிடும்.

குடுக்கும்போது ஒரு நகல்ல ரிசீவ்டு சாப் போட்டு வாங்கிக்குங்க. ஈமெயில்னா ஒரே பிடிஎஃப் ஃபைலா, பேரு மெட்ரிக் எண்ணோட. போன்ல ஃபோட்டோ எடுத்து பதினஞ்சு ஜேபிஜி அனுப்பற தம்பிங்களே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கடையில குடுத்து ஸ்கேன் பண்ணுங்க.

பதில் வர்ற வரைக்கும் கேட்டது கிடைக்காதுன்னு நெனச்சுக்கிட்டு நடந்துக்குங்க. அந்தப் பேப்பர் இந்த செமஸ்டர் ஓடுதுன்னா ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, கிடைச்சா டிராப் பண்ணிக்கலாம். டிராப் பண்ற தேதியையும் ஃபீஸ் திரும்பக் கிடைக்கற தேதியையும் காலண்டர்ல பாத்து வெச்சுக்குங்க, ரெண்டும் ஒரே தேதியா இருக்காது. பிடிபிடிஎன் (அரசாங்கக் கல்விக் கடன்) ஒப்பந்தத்துல எழுதியிருக்கற காலத்துக்குத்தான் பணம் வரும், ஒரு செமஸ்டர் நீண்டா கைக்காசுதான், வீட்டுல முன்கூட்டியே சொல்லி வையுங்க.

கிடைச்சுதுன்னா சூராட் கெலுலுசானை (அனுமதிக் கடிதம்) பத்திரமா வைங்க, அதுக்கப்புறம் சிஸ்டம்ல அது ஏறிடுச்சான்னு நீங்களே பாக்கணும். ஃபேகல்ட்டி ஓகே சொல்லி, சிஸ்டம்ல ஏறாம, கான்வோ (பட்டமளிப்பு விழா) லிஸ்ட்ல பேரு இல்லாமப் போற கேஸ் உண்டு.

நிராகரிச்சா காரணம் எழுத்துல கேளுங்க, மரியாதையா. மேல்முறையீடு பண்ண நாள் கணக்கு இருக்கும். அதே லெட்டரை இன்னும் கோபமா எழுதினா அதே பதில்தான். புதுசா ஒரு காகிதம், புதுசா ஒரு ஒப்பீடு, இல்லன்னா வேற ஒரு கோரிக்கை வேணும். முழு விலக்கு கிடைக்கலையா, ஸ்பெஷல் பரீட்சை கேளுங்க, குறுகிய செமஸ்டர்ல எடுக்கக் கேளுங்க, வேற யூனியில எடுத்து மாத்திக்கக் கேளுங்க.

ரெண்டாவது டிகிரி

இது இப்ப நிறைய பேர் கேக்கறாங்க, முக்கியமா முதல் டிகிரியை யூபியூவுல (அரசாங்க யூனி சேர்க்கை) கிடைச்சதை எடுத்துப் படிச்சுட்டு, வேலைக்குப் போன பிறகு மனசு வேற பக்கம் போனவங்க. முதல்ல பேரைப் பிரிச்சுக்குங்க. டபுள் மேஜர்னா ஒரே ஸ்க்ரோல் (பட்டச் சான்றிதழ்), ரெண்டு துறை. டூயல் டிகிரின்னா ஒரே நேரத்துல ரெண்டு ஸ்க்ரோல். முதல் டிகிரி முடிச்சுட்டு திரும்ப ஒரு இளங்கலை சேர்றதுதான் உண்மையான ரெண்டாவது டிகிரி. மூணுக்கும் ரூல் வேற வேற, ஆபீஸ்ல போய் "டபுள் டிகிரி"ன்னு பொதுவாக் கேட்டா பதிலும் பொதுவாத்தான் வரும்.

அடுத்து, உங்களுக்கு அது தேவைதானான்னு பாருங்க, கையில வெண்ணெய் வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையற கதை இங்க நிறைய. டீச்சர் ஆகணும்னா, டிகிரி வெச்சிருக்கறவங்களுக்கு முதுநிலை கல்வி டிப்ளோமா இருக்கு, நாலு வருஷம் திரும்பப் படிக்க வேணாம். கம்ப்யூட்டர் பக்கம் போகணும்னா வேற துறை டிகிரிக்காரங்களை அடிப்படைப் பேப்பருங்களோட மாஸ்டர்ஸ்ல சேத்துக்கற யூனிங்க இருக்கு. அக்கவுண்டண்ட்னா ஏசிசிஏங்கற தொழில் பரீட்சை முடிச்சு மெம்பர் ஆனா எம்ஐஏ, நம்ம நாட்டு அக்கவுண்டண்ட் கழகம், ஏத்துக்குது. லாயர், டாக்டர், ஃபார்மசிஸ்ட், இஞ்சினியர் மாதிரி அந்த டிகிரி இருந்தாத்தான் லைசென்ஸ்னு இருக்கற தொழிலுக்குத்தான் ரெண்டாவது இளங்கலை நியாயமான வழி. வேலை பாத்துக்கிட்டே யூனிவர்சிட்டி ஆஃப் லண்டன் எல்எல்பி எழுதி, அப்புறம் லாயர் ஆக சிஎல்பி பரீட்சை பண்றவங்க இருக்காங்க, ஆனா சேர்றதுக்கு முன்னாடியே சட்டத் தகுதி வாரியத்தோட நுழைவுத் தகுதி உங்க கிட்ட இருக்கான்னு பாத்துடுங்க, டிகிரி முடிச்சுட்டுப் பாக்கறது இல்ல.

ரெண்டாவது டிகிரிக்கும் 120 கிரெடிட் கணக்கு உண்டு. முதல் டிகிரியில இருந்து எவ்வளவு கொண்டு வர விடுவாங்கன்னுதான் பேச்சு. எம்பியூ பேப்பருங்க சுலபமா வரும், அடிப்படைக் கணக்கு, இங்கிலீஷ் மாதிரி பொதுப் பேப்பருங்களும் வரலாம், துறைப் பேப்பருங்க வராது. ஏற்கனவே ஒரு டிகிரிக்கு எண்ணின கிரெடிட்டை இன்னொண்ணுக்கு எண்ண ஒவ்வொரு யூனிக்கும் தனி வரம்பு இருக்கு, அதை எழுத்துல கேளுங்க. இன்னொரு நுணுக்கம்: மாத்திக் கொண்டு வந்த கிரெடிட் பொதுவா பாயிண்ட்ல சேராது, அதனால மிச்சம் எடுக்கற பேப்பருங்களை வெச்சுத்தான் சிஜிபிஏ, ஒரு பேப்பர் சறுக்கினாலும் சட்டுனு இறங்கும்.

அமெரிக்கன் டிகிரி டிரான்ஸ்ஃபர் வழியாப் போற பிள்ளைங்களுக்கு: அங்க பல யூனிங்கள்ல ரெண்டாவது பேச்சுலர்னா முதல் டிகிரிக்கு மேல கூடுதலா 30 செமஸ்டர் கிரெடிட் மாதிரி கேப்பாங்க. குவார்ட்டர் முறையில ஓடற ஸ்டான்ஃபோர்டை எடுத்தா ஒரு டிகிரிக்கு 180 யூனிட், பிஏ-வும் பிஎஸ்சி-யும் ரெண்டும் வேணும்னா 225. அங்க வேலை அனுபவத்துக்கான ஓபிடி ஒரு கல்வி நிலைக்கு 12 மாசம்னுதான் கணக்கு, முதல் பேச்சுலருக்கு முழுசா எடுத்தாச்சுன்னா ரெண்டாவது பேச்சுலருக்குத் திரும்பக் கிடைக்காது, மாஸ்டர்ஸ் போனா கிடைக்கும். இது ஒண்ணே பல பேரோட முடிவை மாத்தும்.

விண்ணப்பத்துல கமிட்டி பயப்படறது என்னன்னா, இந்த ஆளு ஒரு சீட்டை அடைச்சுக்கிட்டு முடிக்காமப் போயிடுவாரோன்னு. அதுக்குப் பதில் குடுக்கற மாதிரி எழுதுங்க. எந்தத் தொழிலுக்கு, அந்தத் தொழிலுக்கு ஏன் மாஸ்டர்ஸ் பத்தாது, செமஸ்டர் வாரியா எந்தப் பேப்பரு, வேலை நேரம் எப்படி, காசு எங்க இருந்து. முதல் டிகிரி ரிசல்ட் சுமாரா இருந்தா அதை ஒளிக்காம, அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க, ஒரு சர்ட்டிஃபிகேட், ஒரு கோர்ஸ், அந்தத் துறையில வேலை. படிச்சுக்கிட்டு இருக்கும்போதே டூயல் டிகிரி கேக்கறவங்க இன்னும் ஒண்ணு காட்டணும், ரெண்டையும் அதிகபட்சக் காலத்துக்குள்ள முடிக்க முடியும்னு.

காசு விஷயம். பிடிபிடிஎன் ஒரே நிலைக்கு ரெண்டாவது தடவை குடுக்கும்னு நம்பி ஆழம் தெரியாமக் காலை விடாதீங்க, கிளையில போய்க் கேட்டு எழுத்துல வாங்கின பிறகுதான் கணக்கு போடணும். முதல் கடன் பாக்கி இருந்தா அந்தத் தவணையும் ஓடும். கேடபுள்யூஎஸ்பி-ல கல்விக்குன்னு பணம் எடுக்கலாம், மே 2024-ல கணக்கு மூணாப் பிரிஞ்ச பிறகு அது செஜாத்தேரா கணக்குல இருந்து, உங்களுக்கும் எடுக்கலாம், பிள்ளைக்கும் எடுக்கலாம். ஆனா அம்மாவோட கணக்கைக் காலி பண்ணி ரெண்டாவது டிகிரி படிக்கறது எனக்குப் பிடிக்காது, அது அவங்க வயசான காலத்துக் காசு, சொல்லிட்டேன். வரி கட்டறவங்களுக்கு சொந்தப் படிப்புக் கட்டணத்துக்கு 7,000 வெள்ளி வரைக்கும் கழிவு உண்டு, ஆனா மாஸ்டர்ஸ், பிஎச்டின்னா எந்தத் துறையும் சரி, அதுக்குக் கீழன்னா சட்டம், அக்கவுண்டிங், இஸ்லாமிய நிதி, தொழில்நுட்பம், தொழிற்கல்வி, அறிவியல் மாதிரி துறைங்க மட்டும்தான். ரெண்டாவது இளங்கலை பிசினஸ்லயோ மாஸ் காம்லயோ எடுத்தா இந்தக் கழிவு வராது. எம்ஐஇடிங்கற கல்வி நிதி அமைப்பு மாதிரி 1984-ல இருந்து நம்ம பிள்ளைங்களுக்குக் கடன் குடுக்கற இடங்கள்லயும் கேளுங்க, ரெண்டாவது டிகிரிக்கு உண்டான்னு குறிப்பாக் கேக்கணும்.

பெரிய வயசுல சேர்றவங்க ஓப்பன் யூனிவர்சிட்டி மலேசியா, வாவாசான் மாதிரி திறந்தநிலை இடங்களைப் பாருங்க, கேஎல் ஓட வேண்டிய நாள் குறையும். எங்க சேர்ந்தாலும் எம்கியூஆர்-ல, அதாவது எம்கியூஏ-வோட ஆன்லைன் பதிவேட்டுல, அந்தப் புரோகிராமோட பேரு, எந்த வளாகத்துக்கு, எந்தத் தேதி வரைக்கும் அங்கீகாரம்னு நீங்களே தட்டிப் பாருங்க. யூனியோட பேரு அங்க இருக்கறது பத்தாது, நீங்க சேரப்போற அந்தப் புரோகிராம் இருக்கணும். அரசாங்க வேலை யோசனை இருந்தா அந்த வேலைக்கு இந்தத் தகுதியை ஏத்துக்குவாங்களான்னும் பாக்கணும்.

கடைசியா ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு மார்க்கெட்டிங் ஆளு "எல்லாம் மாத்திடலாம் அண்ணே, கவலைப்படாதீங்க"ன்னு போன்ல சொன்ன கிரெடிட் எண்ணிக்கை அதுல எழுத்துல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா எந்தப் பேப்பருக்கு எந்தப் பேப்பர், மொத்தம் எத்தனை கிரெடிட் மாறுது, இன்னும் எத்தனை எடுக்கணும்னு ஒரு ஈமெயில்ல கேட்டு, பதில் வந்த பிறகு டெபாசிட் கட்டுங்க.